முட்டி வலி: தேய்மானத்தின் ஆரம்பத்தை எப்படிக் கண்டுகொள்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாமக்கல் பக்கம் பிசியோதெரபி பார்க்கிறேன். லாரி ஓட்டுகிறவர்கள், விசைத்தறியில் நாள் முழுக்க நிற்கிறவர்கள், கோழிப்பண்ணை வேலைக்குப் போகிறவர்கள், பேரனை இடுப்பிலேயே வைத்திருக்கும் அம்மாக்கள் என்று முட்டியைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, கீழே பதில் போட்டிருக்கிறேன். வரிசையாகப் படித்தால் நல்லது, ஏனென்றால் முன்னால் சொன்னதைப் பின்னால் திரும்பச் சொல்லவில்லை. மாத்திரை, ஊசி, ஆபரேஷன் பற்றிய முடிவு உங்கள் மருத்துவருடையது.

தேய்மானம் தேய்மானம்ங்கறாங்களே, உள்ள என்னதாங்க தேயுது?

தொடை எலும்பு முடிகிற இடத்திலும், கீழ்க்கால் எலும்பு தொடங்குகிற இடத்திலும், முட்டிச் சில்லின் உள்பக்கத்திலும் வழவழவென்று குருத்தெலும்பு படிந்திருக்கும். சில மில்லிமீட்டர் கனம்தான். அது மெலியத் தொடங்குவதைத்தான் தேய்மானம் என்கிறோம். ஆனால் அது மட்டுமே நடப்பதில்லை. அடியில் இருக்கும் எலும்பு இறுகுகிறது, ஓரங்களில் முள் மாதிரி எலும்பு வளர்கிறது, மூட்டின் உள்ளுறை அவ்வப்போது அழன்று நீர் கோக்கிறது, தொடைச் சதை இளைக்கிறது. மொத்த மூட்டும் சேர்ந்து மாறுகிற விஷயம் இது.

குருத்தெலும்புக்குள் நரம்பு கிடையாது. அதனால் அது மெலிந்தாலும் தனக்கு வலிக்கிறது என்று சொல்லத் தெரியாது. நாம் உணரும் வலி அடியிலுள்ள எலும்பிலிருந்தும் உள்ளுறையிலிருந்தும் சுற்றியுள்ள தசைநார்களிலிருந்தும் வருவது. வலியின் அளவும் தேய்மானத்தின் அளவும் ஒத்துப்போகாததற்கு இது ஒரு காரணம். எக்ஸ்ரே பற்றிய கேள்வி வரும்போது இது தேவைப்படும்.

முதல்ல என்ன தெரியுங்க? எதை வச்சு ஆரம்பம்னு சொல்றது?

பெரும்பாலும் முட்டி ஓய்வில் இருக்கும்போது ஒன்றும் சொல்லாது. வேலை கொடுத்தால்தான் பேசும். படியிறங்கும்போது ஒரு சுருக்கென்ற வலி. பஸ்ஸில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்தால் முதல் நாலைந்து அடி இறுக்கம். குத்த வைத்து உட்கார்ந்தால் எழ ஒரு கை தேவைப்படுவது. கல்யாண வீட்டில் நாள் முழுக்க நின்ற அன்று ராத்திரி முட்டி கனத்துப்போய் லேசாக வீங்குவது, மறுநாள் சரியாகிவிடுவது. வலி பெரும்பாலும் முட்டியின் உள்பக்கம், அதாவது இரண்டு முட்டியும் ஒன்றையொன்று பார்க்கும் பக்கத்தில் இருக்கும். இல்லையென்றால் சில்லுக்கு அடியில்.

இவற்றில் ஒன்று ஒரு நாள் வந்ததற்காகப் பயப்பட வேண்டாம். வாரக் கணக்கில் அதே செயலுக்கு அதே வலி வருகிறதா என்று பாருங்கள். பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் அமைப்பான நைஸின் வழிகாட்டுதல், வயது 45 அல்லது அதற்கு மேல், வேலை செய்தால் வருகிற மூட்டு வலி, காலை இறுக்கம் இல்லை அல்லது அரை மணி நேரத்துக்கு மேல் நீடிப்பதில்லை என்ற மூன்றும் இருந்து, வேறு நோய்க்கான அறிகுறி எதுவும் இல்லையென்றால் எக்ஸ்ரே இல்லாமலேயே தேய்மானம் என்று முடிவு செய்யலாம் என்கிறது. படத்தை விட நீங்கள் சொல்கிற கதைக்கு மதிப்பு அதிகம். அதனால் டாக்டரிடம் போகும்போது "முட்டி வலி" என்று இரண்டு வார்த்தையில் முடிக்காதீர்கள். எப்போது, எதைச் செய்தால், எந்தப் பக்கம், எவ்வளவு நேரம் என்று சொல்லுங்கள்.

காலைல எந்திரிச்சா நாலடி கட்டையாட்டம் இருக்குதுங்க. காப்பி குடிச்சு முடிக்கறதுக்குள்ள சரியாயிடுது. இது அதுதானா?

அதுவாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. ராத்திரி முழுக்க அசையாமல் இருந்த மூட்டு இளக ஐந்து, பத்து நிமிடம் எடுத்துக்கொள்கிறது. மத்தியானம் தூங்கி எழுந்தாலும், நீண்ட பயணம் முடிந்து இறங்கினாலும் இதே இறுக்கம் வரும்.

கடிகாரத்தைப் பாருங்கள். காப்பி குடிக்கிற நேரத்தில் இளகிவிட்டால் அது தேய்மானத்தின் போக்கு. ஒரு மணி நேரம், அதற்கும் மேல் என்று நீண்டால், கூடவே கை விரல் கணுக்களும் மணிக்கட்டும் வீங்கி இறுகினால், அது முடக்குவாதமாக இருக்கலாம். அதற்கு வைத்தியமே வேறு. தள்ளிப்போட்டால் மூட்டு நிரந்தரமாகக் கெட்டுவிடும். அப்படி இருந்தால் மூட்டுவாத மருத்துவரைச் சீக்கிரம் பாருங்கள்.

மடக்கி நீட்டுனா கடக்கு கடக்குன்னு சத்தம். தேஞ்சு போச்சுங்களா?

வலியும் வீக்கமும் இல்லாமல் எப்போதாவது சொடுக்குகிற மாதிரி வரும் சத்தத்துக்கு அர்த்தம் எதுவும் இல்லை. மூட்டு நீரில் உள்ள வாயுக் குமிழோ, எலும்பின் மேல் நழுவிப் போகும் தசைநாரோ எழுப்பும் ஒலி அது. இருபது வயதுப் பையன்களுக்கும் கேட்கும்.

வேறொரு வகை உண்டு. நாற்காலியில் உட்கார்ந்து, உள்ளங்கையைச் சில்லின் மேல் லேசாக வைத்து, காலை மெதுவாக நீட்டி மடக்குங்கள். கைக்கு அடியில் மணலைத் தேய்ப்பது போல நறநறவென்று ஒவ்வொரு முறையும் தெரிந்தால், கூடவே படியில் வலியும் இருந்தால், அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். சத்தத்தைக் காது கண்டுபிடிப்பதை விட உள்ளங்கை நன்றாகக் கண்டுபிடிக்கும்.

ஏறும்போது ஒண்ணும் தெரியலைங்க. எறங்கும்போதுதான் உசுரு போகுது. ஏன்?

செயற்கை மூட்டுக்குள்ளேயே உணர்கருவி வைத்து ஜெர்மனியில் அளந்து பார்த்திருக்கிறார்கள். சமதரையில் நடக்கும்போது முட்டியில் விழும் சுமை உடல் எடையைப் போல் சுமார் இரண்டரை மடங்கு. படி ஏறும்போது மூன்று மடங்குக்குச் சற்று மேல். இறங்கும்போது ஏறக்குறைய மூன்றரை மடங்கு. இறங்கும்போது தொடையின் முன்சதை நீண்டுகொண்டே உடம்பைப் பிடித்து இறக்க வேண்டும். சதைக்கு வலு இல்லையென்றால் அந்தச் சுமை மூட்டில் 'தொப்'பென்று விழுகிறது.

எங்கள் மையத்துக்கு வாசலில் நாலு படி இருக்கிறது. வருகிறவர்கள் உட்கார்ந்து சொல்வதைக் கேட்பதோடு விடாமல், திரும்பிப் போகும்போது அந்தப் படியில் எப்படி இறங்குகிறார்கள் என்று பார்ப்பேன். உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, சுவரில் கை ஊன்றி, ஒரே காலை முதலில் வைத்து மற்றக் காலை அதே படிக்குக் கொண்டுவந்து சேர்ப்பார்கள். தாங்கள் அப்படி இறங்குவது பல பேருக்குத் தெரியவே தெரியாது. திருச்செங்கோடு மலைக்குப் போக ஆசைப்படுகிறவர்களிடம் நான் சொல்வது, படியேறித்தான் கும்பிட வேண்டும் என்றால் நிதானமாக ஏறுங்கள், இறங்கும்போது வண்டிப் பாதையில் வந்துவிடுங்கள் என்பதுதான். பாதிப் பேர் தலைகீழாகச் செய்கிறார்கள்.

எனக்கு 36 வயசுதாங்க ஆகுது. இந்த வயசுல வருமா?

சாதாரணமாக வராது. ஆனால் பழைய அடி இருந்தால் வரும். பள்ளிக்கூடத்தில் கபடி ஆடும்போது முட்டி திருகி ஜவ்வு கிழிந்தது, பைக்கில் விழுந்து முட்டிக்குள் எலும்பு உடைந்தது என்று ஏதாவது இருந்ததா என யோசித்துப் பாருங்கள். அப்படி அடிபட்ட முட்டியில் பத்துப் பதினைந்து வருடம் கழித்து, மற்ற முட்டிக்கு முன்னாலேயே தேய்மானம் தலைகாட்டும்.

அடியே படாதவருக்கு முப்பதுகளில் முட்டியின் முன்பக்கம் வலிக்கிறது, படத்துக்குப் போய் இரண்டரை மணி நேரம் மடக்கி உட்கார்ந்தால் தாங்கவில்லை என்றால், பெரும்பாலும் சில்லுக்கும் தொடை எலும்புக்கும் நடுவில் வருகிற எரிச்சல் அது. இடுப்புச் சதைக்கும் தொடைச் சதைக்கும் பயிற்சி கொடுத்தால் பெரும்பாலானவர்களுக்கு அடங்கிவிடும். அதைத் தேய்மானம் என்று எடுத்துக்கொண்டு நடமாட்டத்தைக் குறைத்துவிடாதீர்கள்.

எங்கம்மாவுக்கு ரெண்டு முட்டியும் வளைஞ்சு போச்சு. எனக்கும் வந்துருமா?

பரம்பரைக்கு ஒரு பங்கு உண்டு, ஆனால் தலையெழுத்து இல்லை. பெண்களுக்கு, அதிலும் மாதவிடாய் நின்ற பிறகு, ஆண்களை விட அதிகம் வருகிறது. உடல் எடை, பழைய அடி, பிறவியிலேயே வில் மாதிரி வளைந்த கால், வருடக் கணக்கில் குத்த வைத்தோ மண்டியிட்டோ பாரம் தூக்கியோ செய்யும் வேலை, இவையும் கூட்டும். லாரி கேபினிலிருந்து குதித்தே இறங்கிப் பழகியவர்கள் என்னிடம் நிறைய வருகிறார்கள். பின்னோக்கித் திரும்பி, கம்பியைப் பிடித்துப் படியில் கால் வைத்து இறங்குவதற்கு மூன்று நொடி கூடுதலாக ஆகும், அவ்வளவுதான்.

இதில் நம் கையில் இருப்பது எடையும் தொடைச் சதையும். ஒரு கிலோ குறைத்தால், நடக்கிற ஒவ்வொரு அடியிலும் முட்டிக்குச் சுமார் நான்கு கிலோ சுமை குறைகிறது என்று எடை குறைத்தவர்களை நடக்க வைத்து அளந்த ஆய்வு காட்டியது. ஐந்தாவது கேள்வியில் சொன்ன மடங்குக் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். ஐந்து கிலோ என்பது சின்ன விஷயம் இல்லை.

டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னால வீட்லயே பாத்துக்க வழி இருக்குதுங்களா?

இருக்கிறது. கட்டிலில் இரண்டு காலையும் நீட்டி உட்காருங்கள். முட்டியின் பின்பக்கம் கட்டிலைத் தொடுகிறதா? ஒரு பக்கம் மட்டும் தொடாமல் விரல் நுழைகிற இடைவெளி இருந்தால், அந்த முட்டி முழுதாக நீளவில்லை. இது சீக்கிரம் வருகிற மாற்றம், ஆனால் யாரும் கவனிப்பதில்லை. அடுத்து, சில்லின் இரண்டு பக்கமும் இருக்கும் குழிகளைப் பாருங்கள். வலிக்கிற பக்கம் குழி தூர்ந்துபோய் இருந்தால் உள்ளே நீர் கோத்திருக்கலாம். பிறகு தையல் டேப்பை எடுத்து, சில்லின் மேல் விளிம்பிலிருந்து ஒரு சாண் மேலே இரண்டு தொடையையும் சுற்றி அளந்து பாருங்கள். வலிக்கிற காலைத் தெரியாமலே ஒதுக்கி வைத்திருந்தால் அந்தத் தொடை இளைத்திருக்கும்.

கடைசியாக நாற்காலிச் சோதனை. கை வைக்காத நாற்காலியைச் சுவரோடு சேர்த்துப் போட்டு, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 நொடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். அறுபதிலிருந்து 64 வயது வரை உள்ள பெண்கள் 12, ஆண்கள் 14 முறையாவது எழ வேண்டும். குறைந்தால் காலில் வலு போதவில்லை என்று அர்த்தம், தேய்மானம் என்று அல்ல. தலைசுற்றல் உள்ளவர்கள் பக்கத்தில் ஆளை வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

எக்ஸ்ரே எடுத்தேன், நார்மல்னு வந்துருச்சு. அப்பறம் எதுக்கு வலிக்குது?

எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், குருத்தெலும்பு தெரியாது. இரண்டு எலும்புக்கும் நடுவில் உள்ள இடைவெளியைப் பார்த்து, குருத்தெலும்பு இவ்வளவு இருக்கும் என்று ஊகிக்கிறார்கள். ஆரம்பத்தில் அந்த இடைவெளி குறையாமலே இருக்கலாம். அதனால் 'நார்மல்' என்பதற்கு, படத்தில் தெரிகிற அளவுக்கு இன்னும் மாற்றம் இல்லை என்றுதான் பொருள். உங்கள் வலி பொய் என்று பொருள் இல்லை.

படம் எப்படி எடுத்தார்கள் என்பதையும் கேளுங்கள். படுக்க வைத்து எடுத்தால் உடல் எடை முட்டியில் இறங்காது, இடைவெளி நன்றாக இருப்பது போலத் தெரியும். நிற்க வைத்து, முடிந்தால் இரண்டு முட்டியையும் ஒரே படத்தில் எடுக்க வேண்டும். சீட்டில் அப்படி எழுதியிருந்தும், கூட்டமாக இருக்கிறது என்று சில இடங்களில் படுக்க வைத்தே எடுத்து அனுப்பிவிடுகிறார்கள். மேசையில் படுக்கச் சொன்னால் "நின்னுக்கிட்டு எடுக்கச் சொன்னாருங்க" என்று நீங்களே சொல்லுங்கள்.

எனக்கு கிரேடு 2ன்னு எழுதியிருக்குது. கிரேடு 4 வந்தா ஆபரேஷனாமே. இன்னும் ரெண்டு வருசந்தானா?

இந்த கிரேடு முறையை 1957-ல் கெல்கிரென், லாரன்ஸ் என்ற இரண்டு பேர் வகுத்தார்கள். பூஜ்யம் என்றால் மாற்றம் இல்லை. 1 என்றால் சந்தேகம். 2 என்றால் ஓரத்தில் எலும்பு முள் உறுதியாகத் தெரிகிறது. 3-ல் இடைவெளி தெளிவாகக் குறைந்திருக்கும். 4-ல் ஏறக்குறைய எலும்பும் எலும்பும் உரசும். இது படத்துக்குக் கொடுக்கிற மதிப்பெண். உங்கள் காலுக்குக் கொடுத்தது அல்ல.

வருடத்துக்கு ஒரு கிரேடு ஏறும் என்ற கணக்கெல்லாம் கிடையாது. பல வருடம் 2-லேயே நிற்கிறவர்கள் இருக்கிறார்கள். கிரேடு 3 படத்தை வைத்துக்கொண்டு சந்தைக்கு நடந்து போய்வருகிறவரும் உண்டு, கிரேடு 1 படத்தோடு ராத்திரி தூங்க முடியாதவரும் உண்டு. முட்டி மாற்று ஆபரேஷனுக்கு முக்கியமான காரணம், பயிற்சி, எடைக் குறைப்பு, மருந்து எல்லாம் பார்த்த பிறகும் அன்றாட வாழ்க்கை முடங்கிப்போவது. எண்ணை மட்டும் பார்த்து யாராவது தேதி குறித்தால் இன்னொரு மருத்துவரிடம் கேளுங்கள்.

எம்ஆர்ஐ எடுத்தா முழுசாத் தெரிஞ்சுருமில்லைங்களா?

தேவைக்கு மேலேயே தெரியும். அதுதான் சிக்கல். ஐம்பது வயதுக்கு மேல் முட்டி வலியே இல்லாதவர்களை எம்ஆர்ஐ எடுத்தாலும் பலருக்கு உள்ஜவ்வில் (இரண்டு எலும்புக்கும் நடுவில் மெத்தை மாதிரி இருப்பது) கிழிசல் தெரிகிறது. அந்த ரிப்போர்ட்டைப் பார்த்து பயந்து, துளை போட்டு ஜவ்வைச் சீவுகிற ஆபரேஷன் வரை போகிறவர்கள் உண்டு.

முட்டி மடங்கிய நிலையிலேயே பூட்டிக்கொள்கிறது, அடிபட்ட பிறகு நிலையில்லாமல் நழுவுகிறது, வழக்கமான போக்குக்குப் பொருந்தாத வலி என்றால் எம்ஆர்ஐ வேண்டும். மற்றபடி நின்று எடுத்த எக்ஸ்ரேயும், ஒழுங்காகத் தொட்டுப் பார்க்கிற டாக்டரும் போதும்.

ரத்த டெஸ்ட்ல யூரிக் ஆசிட் கொஞ்சம் ஜாஸ்தி. அதனாலதான் முட்டி வலியாங்க?

தேய்மானத்தைக் காட்டுகிற ரத்தப் பரிசோதனை எதுவும் வழக்கத்தில் இல்லை. வேறு நோய் இல்லை என்று உறுதி செய்யத்தான் ரத்தம் எடுக்கிறார்கள். யூரிக் ஆசிட் கூடுதலாக இருக்கிற பெரும்பாலானவர்களுக்கு கௌட் என்கிற யூரிக் ஆசிட் மூட்டுவாதம் வருவதே இல்லை. கௌட் வந்தால் அது திடுதிப்பென்று வரும். ராத்திரி நன்றாகப் படுத்தவர் விடியற்காலையில் கால் கட்டைவிரலோ முட்டியோ சிவந்து வீங்கி, போர்வை பட்டாலும் கத்துவார். மாதக் கணக்கில் மெதுவாக ஏறி வந்த படிக்கட்டு வலிக்கு யூரிக் ஆசிட் மேல் பழி போட்டு, பருப்பையும் கீரையையும் நிறுத்துவதில் பயன் இல்லை.

முடக்குவாதத்துக்காக எடுக்கிற ஆர்ஏ டெஸ்டும் அப்படித்தான். நோயே இல்லாத சிலருக்கும், வயதானவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகவும், 'பாசிட்டிவ்' வரும். காலை இறுக்கம் எவ்வளவு நேரம், எந்தெந்த மூட்டு என்று மூன்றாவது கேள்வியில் பார்த்தோமே, அதோடு சேர்த்துத்தான் அந்தத் தாளைப் படிக்க வேண்டும்.

சிக்குன்குனியா வந்து போனதுல இருந்து முட்டி சரியில்லைங்க. அதுவும் இதுவும் ஒண்ணா?

வேறு வேறு. சிக்குன்குனியாவுக்குப் பிறகு மூட்டு வலி மாதக் கணக்கில், சிலருக்கு வருடக் கணக்கிலும் நீடிக்கும். 2006-ல் தமிழ்நாடு முழுக்கப் பரவியபோது பார்த்தவர்களுக்கு மறக்காது. அது முட்டியோடு நிற்காது. கணுக்கால், மணிக்கட்டு, விரல்கள் என்று இரண்டு பக்கமும் சேர்ந்து பிடிக்கும், காலையில் நீண்ட நேரம் இறுகும். முட்டி மட்டும், அதுவும் படியில் மட்டும் என்றால், ஏற்கெனவே தொடங்கியிருந்த தேய்மானத்தைக் காய்ச்சல் வெளியே கொண்டுவந்திருக்கலாம். மாதக் கணக்கில் படுத்தே கிடந்ததில் தொடைச் சதை கரைந்திருக்கும், அதுவும் ஒரு காரணம்.

எப்பப்ப ஒடனே ஆஸ்பத்திரிக்கு ஓடோணும்?

முட்டி சிவந்து, சூடாகி, வீங்கி, கூடவே காய்ச்சலோ குளிரோ வந்தால் அன்றைக்கே போங்கள். மூட்டுக்குள் கிருமி இறங்கியிருந்தால் சில நாட்களிலேயே குருத்தெலும்பை அழித்துவிடும். சுகர் உள்ளவர்கள் இதில் ஒரு ராத்திரி கூடக் காத்திருக்க வேண்டாம். அடிபட்டுக் காலை ஊன்றவே முடியவில்லை என்றாலும் அன்றே. காரணமில்லாமல் எடை குறைவது, அசையாமல் படுத்திருக்கும்போதும் விடாத வலி, இவையும் காட்ட வேண்டியவை.

முட்டிக்குப் பின்னால எலுமிச்சம்பழமாட்டம் ஒரு வீக்கம். கட்டிங்களா?

பெரும்பாலும் மூட்டு நீர் பின்பக்கம் பிதுங்கி நிற்கிற நீர்ப்பை. பேக்கர் சிஸ்ட் என்பார்கள். அதற்கென்று தனி வைத்தியம் வேண்டியதில்லை, முட்டிக்குள் நீர் கோப்பது அடங்கினால் அதுவும் சுருங்கும். என்றாலும் மருத்துவர் ஒரு முறை தொட்டுப் பார்க்கட்டும்.

ஒரு எச்சரிக்கை. அது உடைந்து நீர் கீழே இறங்கினால் ஆடுசதை வீங்கி வலிக்கும். ரத்த நாளத்துக்குள் ரத்தம் உறைந்தாலும் அதே மாதிரிதான் இருக்கும், பார்த்துப் பிரிக்க முடியாது. ஒரு பக்க ஆடுசதை திடீரென்று வீங்கினால் அன்றே ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். எண்ணெய் போட்டு நீவ வேண்டாம்.

நடந்தா இன்னும் தேயும்னு ஊட்ல திட்டறாங்க. டாக்டர் நடங்கறாரு. யார் சொல்றதைக் கேக்கறது?

டாக்டர் சொல்வதை. குருத்தெலும்புக்குள் ரத்தக் குழாய் கிடையாது. அமுங்கி விரியும்போது மூட்டு நீரிலிருந்துதான் அதற்குச் சத்து போகிறது. அசையாமல் வைத்தால் அது காய்ந்துபோகும், சதையும் கரையும். ஆரம்ப நிலையில் பயிற்சி கொடுக்கிற பலனை வேறெந்த மருந்தும் கொடுப்பதில்லை என்பதை வேலையில் தினமும் பார்க்கிறேன், வழிகாட்டுதல்களும் பயிற்சியைத்தான் முதலில் வைக்கின்றன.

எவ்வளவு என்பதற்கு ஓர் அளவு சொல்கிறேன். நடக்கும்போது லேசான வலி இருக்கலாம், ஆனால் மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்குத் திரும்பியிருக்க வேண்டும். மறுநாளும் வீக்கமோ கூடுதல் வலியோ இருந்தால் தூரத்தைக் குறையுங்கள், நிறுத்த வேண்டாம். நடையோடு தொடைப் பயிற்சியும் வேண்டும். மல்லாந்து படுத்து, ஒரு காலை மடக்கி, மற்றக் காலை விறைப்பாக ஒரு முழம் உயரம் தூக்கி, ஐந்து எண்ணும் வரை நிறுத்தி இறக்குங்கள். பக்கத்துக்குப் பத்து முறை, காலை மாலை. இது சுலபமானதும் எட்டாவது பதிலில் சொன்ன நாற்காலியையே பயிற்சியாக்கிக்கொள்ளுங்கள். பலன் தெரிய ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும். பத்து நாளில் விட்டுவிட்டு "ஒண்ணும் கேக்கலைங்க" என்கிறவர்கள்தான் அதிகம்.

கீழ உக்காரவே கூடாதுங்களா? சம்மணம் போட்டு உக்காந்தாத்தான் எனக்குச் சோறே எறங்கும்.

உட்கார்ந்து, வலியில்லாமல் எழ முடிகிற வரை உட்காருங்கள். நிறுத்திவிட்டால் அந்த மடக்கம் கொஞ்ச நாளில் வராமலே போய்விடும். ஆனால் முட்டியை முழுக்க மடக்கி நெடுநேரம் குத்த வைத்தே இருப்பது வேறு. களை எடுப்பவர்களும் பாத்திரம் துலக்குபவர்களும் ஒரு சின்ன முக்காலியோ மணையோ போட்டுக்கொள்ளுங்கள். கழிப்பறையில் எழ முடியாமல் சுவரைப் பிடிக்கிற நிலை வந்துவிட்டால், வெஸ்டர்ன் டாய்லெட் போட வசதி வரும் வரை காத்திருக்காமல் சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி அடித்துவிடுங்கள்.

கால்சியம் மாத்திரை, கொல்லிமலை முடவாட்டுக்கால் சூப்பு, இதெல்லாம் தேஞ்சதைத் திருப்பி வளர்க்குமா?

வளர்க்காது. தேய்ந்த குருத்தெலும்பைத் திரும்ப வளர்ப்பதாக நிரூபிக்கப்பட்ட மாத்திரையோ கிழங்கோ இதுவரை இல்லை. கால்சியம் எலும்பின் கெட்டித்தன்மைக்கானது, மூட்டுத் தேய்மானம் வேறு விஷயம். மெடிக்கலில் விலை அதிகமாக விற்கிற குளுக்கோசமைனையும் நைஸ் பரிந்துரைப்பதில்லை. கொல்லிமலைக்குப் போனால் சூப்பு குடியுங்கள், முடக்கத்தான் தோசை சாப்பிடுங்கள், நானும் சாப்பிடுகிறேன். அதை நம்பிப் பயிற்சியை நிறுத்துவதில்தான் நஷ்டம்.

மெடிக்கல்ல கேட்டா கவர்ல நாலஞ்சு மாத்திரை போட்டுத் தர்றாங்க. ஒரு வேளை போட்டாலே பறந்து போகுது. தொடரலாமா?

வேண்டாம். பேர் தெரியாத அந்த 'செட்' மாத்திரைகளில் வலி மாத்திரையோடு ஸ்டீராய்டும் கலந்திருக்கலாம். பறந்து போகிற மாதிரி இருப்பது அதனால்தான். தொடர்ந்து போட்டால் முகம் உப்பும், சுகர் ஏறும், எலும்பு பலவீனமாகும். வலி மாத்திரை வயிற்றில் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும், பிரஷரை ஏற்றும். மாதக் கணக்கில் போட்டுவிட்டீர்கள் என்றால் திடீரென்றும் நிறுத்தாதீர்கள், அதுவும் ஆபத்து. மிச்ச மாத்திரைகளை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். தற்காலிக வலிக்கு, மேலே தடவுகிற டைக்ளோபினாக் ஜெல்லை முதலில் கேட்டுப் பாருங்கள். முட்டி தோலுக்கு அருகிலேயே இருக்கிற மூட்டு என்பதால் அது ஓரளவு வேலை செய்யும்.

வலி முட்டியில. டாக்டர் இடுப்புக்குப் படம் எடுக்கச் சொல்றாரு. எதுக்குங்க?

நல்ல டாக்டர். இடுப்பு மூட்டு கெட்டால் வலி முட்டியில் தெரிவது உண்டு, இரண்டுக்கும் பொதுவான நரம்புகள் இருக்கின்றன. முட்டியைத் தொட்டால், மடக்கினால் வலியில்லை, ஆனால் கால் நகம் வெட்டக் குனிவதும், பைக்கில் காலைத் தூக்கிப் போடுவதும் கஷ்டம், தொடை இடுக்கில் பிடிக்கிறது என்றால் இடுப்பைத்தான் சந்தேகப்பட வேண்டும். இளவயதில், அதிலும் குடிப்பழக்கமோ முந்தைய பதிலில் சொன்ன ஸ்டீராய்டோ இருந்தவர்களுக்கு, இடுப்பு எலும்புக்கு ரத்த ஓட்டம் நின்றுபோய் இப்படி வருவதுண்டு. முதுகிலிருந்து நரம்பு அழுந்தினாலும் முட்டி வலிக்கும், அப்போது மரத்துப்போவதோ சுரீரென்று இழுப்பதோ கூட இருக்கும்.

வலியே இல்லைங்க. ஆனா நடையே மாறிப்போச்சுன்னு ஊட்ல சொல்றாங்க. வலி இல்லாமயும் ஆரம்பிக்குமா?

ஆரம்பிக்கும். குருத்தெலும்பு பேசாது என்று முதல் பதிலில் பார்த்தோம். இன்னொரு காரணமும் உண்டு. வலிக்கிற வேலையை நாமே ஒவ்வொன்றாக விட்டுவிடுகிறோம். மொட்டை மாடியில் துணி காயப்போட்டவர் கொல்லைப்புறத்தில் கொடி கட்டியிருப்பார். கோலத்தை நின்று குனிந்தே போடுவார். தாழ்வான சோபாவை விட்டுவிட்டு உயரமான பிளாஸ்டிக் சேரைத் தேடுவார். கேட்டால் வலி இல்லை என்பார், அது உண்மையும்கூட. அதனால் "வலிக்கிறதா?" என்று கேட்பதை விட, "போன தீபாவளிக்குச் செய்ததில் இப்போது எதையெல்லாம் செய்வதில்லை?" என்று நான் கேட்கிறேன்.

நடை மாறியிருக்கிறது என்று வீட்டில் சொன்னால் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். செல்போனில், பின்னாலிருந்து, இருபது அடி தூரம் சாதாரணமாக நடப்பதை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். ஒரு காலில் எடை விழும் நொடியில் அந்த முட்டி மட்டும் வெளிப்பக்கமாக வெட்டி நகர்கிறதா, உடம்பு அந்தப் பக்கம் சாய்கிறதா என்று நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். அப்படி வெட்டுகிற முட்டியில் தேய்மானம் வேகமாகப் போகும் என்பதால், வலி இல்லாவிட்டாலும் அந்த வீடியோவோடு எலும்பு மருத்துவரையோ பிசியோதெரபிஸ்ட்டையோ பார்த்துவிடுங்கள். வேட்டியாக இருந்தாலும் சேலையாக இருந்தாலும் முட்டி தெரிய மடித்துக் கட்டிக்கொண்டு எடுங்கள். கரண்டைக்கால் வரை துணி தொங்கினால் எங்களுக்கு ஒன்றும் தெரியாது.